நாலு வரி வணக்கம்

ஜம்புலிங்கத்துக்கு இரண்டாம் பக்கம் பிடிக்காது. ஒரு பக்கத்தில் அடங்காத விஷயம் விஷயமே இல்லை என்பது அவர் கட்சி. இந்தக் கட்சியை விளக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் அடிக்கும் ஒரு கம்பெனியில் அவர் பர்சனல் மேனேஜர். 1998 பிப்ரவரியில் அவருடைய பிரிவுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது பூஜை போட்டுத்தான் இறக்கினார்கள். திரைக்குச் சந்தனம், குங்குமம். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவது போல இதற்கும் நசுக்க வேண்டும் என்றார் ஜம்புலிங்கம். சக்கரம் எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஓர் உருண்டை ஓடுகிறதே என்று மவுஸுக்கு அடியில் பழத்தை வைத்து அழுத்தினான் அட்டெண்டர் கோவிந்தன். முதல் மவுஸ் அன்றே போனது. திருஷ்டி கழிந்தது என்று ஜம்புலிங்கம் இன்னொன்று வரவழைத்தார்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டவள் ஞானகுமாரி. ஆவடி கோவில்பதாகையில் வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். புருஷன் கிறிஸ்துதாஸ் இதே கம்பெனியில் உலைக்கூடத்தில் வேலை பார்த்தவன். போன வருஷம் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஷிஃப்ட் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துபோனான். கருணை அடிப்படையில் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை கொடுத்தார்கள். ஒரு வருஷம் தற்காலிகம். ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் ஜம்புலிங்கம் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் மே முதல் தேதி அவள் வரவேண்டியதில்லை. மே முதல் தேதி உழைப்பாளர் தினம் என்பதால் எப்படியும் வரவேண்டியதில்லை என்று கோவிந்தன் ஆறுதல் சொல்லியிருந்தான்.

ஞானகுமாரி அழவில்லை. கம்பெனியில் பலருக்கு அவள் மேல் இருந்த ஒரே குறை இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கைக்குட்டையோடு தயாராக வந்தவர்கள், அவள் மார்ஜின் எத்தனை வைப்பது என்று கேட்டதும் ஏமாந்து போனார்கள். அவளுக்கே அது புரியாத சமாச்சாரம். பல் பிடுங்குமுன் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தாள். கடிபடுவது தெரியும், வலிக்காது. பஸ் ஏறினாள், டைப் அடித்தாள், பெண்களுக்குத் தலை பின்னினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் எல்லோரும் முழங்கால் போடும்போது போட்டாள், எழும்போது எழுந்தாள்.

மவுண்ட் ரோடு ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தொழிலாளர் குறைகளை மாதா மாதம் படிவத்தில் வாங்கி அனுப்ப வேண்டும், படிவத்தைக் கிளையே வடிவமைத்துக்கொள்ளலாம். ஜம்புலிங்கம் அன்று மதியம் சாப்பிடவில்லை. வடிவமைப்பு என்ற சொல் அவரை அப்படிச் செய்துவிட்டது.

"மிஸஸ் கிறிஸ்துதாஸ், மூணு விஷயம்," என்றார். "ஒண்ணு, ஒரே பக்கம். ரெண்டு, தொழிலாளிக்கு நம்மள இவ்வளவுதான் எழுதவிட்டாங்கன்னு தோணக்கூடாது, மனசுல இருக்கற எல்லாத்தையும் கொட்டலாம். மூணு, அடியில என் பேரு, டிகிரி, பதவி. போல்டுல."

எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டும், ஒரு பக்கத்தைத் தாண்டவும் கூடாது. ஞானகுமாரிக்கு, அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆறு வாரம் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவள் என்பதால், வேர்டில் படிவம் போடத் தெரியும். பெயர், டோக்கன் எண், பிரிவு, குறையின் விவரம் என்று வரிசையாக இடம் விட்டு, மற்ற எழுத்துகளை யாரும் தொட முடியாதபடி பூட்டினாள். விவரத்தில் பத்து வரி அடித்துக் காட்டினாள். அடிக்க அடிக்கக் கீழே இருந்ததெல்லாம் நகர்ந்தது. ஜம்புலிங்கத்தின் பெயர் மெல்ல இறங்கி, பக்கத்தின் விளிம்பைத் தொட்டு, இரண்டாம் பக்கத்தில் போய் விழுந்தது.

"என் கையெழுத்து ரெண்டாம் பக்கத்துல நிக்குமா?" என்றார் ஜம்புலிங்கம். நெற்றியில் வேர்வை.

நாலு நாள் அவள் அதோடு மல்லுக்கட்டினாள். ஐந்தாம் நாள், அதுவரை திறந்து பார்க்காத ஒரு கருவிப் பட்டையில் வேறு மாதிரிப் பெட்டி ஒன்று கிடைத்தது. மவுஸை இழுத்து நாலு வரி உயரத்துக்கு வரைந்தாள். அதன் குணங்களின் பட்டியலில் பல வரி உண்டா என்ற இடத்தில் ஆம் என்று மாற்றினாள், ஓரப்பட்டை வேண்டுமா என்ற இடத்தில் வேண்டும் என்று மாற்றினாள். பிறகு அடித்துப் பார்த்தாள். பெட்டி நகரவில்லை. ஐந்தாவது வரி வந்ததும் முதல் வரி மேலே போய் ஒளிந்துகொண்டது. வலது ஓரத்தில் சின்னதாக ஒரு பட்டை முளைத்தது. அதைப் பிடித்து இழுத்தால் ஒளிந்தது திரும்பி வந்தது. நாற்பது வரி அடித்தாலும் பெட்டி நாலு வரிதான். அதற்குக் கீழே ஜம்புலிங்கத்தின் பெயர், டிகிரி, பதவி எல்லாம் போல்டில் அசையாமல் நின்றன.

ஜம்புலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து தன் வாழ்க்கைக் குறிப்பை அடிக்கச் சொல்லிப் பார்த்தார். பெட்டி அதையும் விழுங்கியது.

"பிரிண்ட் எடுத்தா?"

"கண்ணுக்குத் தெரியற நாலு வரிதான் சார் வரும்."

"மிச்சம்?"

"கம்ப்யூட்டர்லயே இருக்கும் சார். பேப்பருக்கு வராது. பெட்டியப் பெருசாக்கினா..."

"தொடாதீங்க!" ஜம்புலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். கச்சேரி கேட்பவர் முகம் அது. "அவன் எல்லாத்தையும் சொல்லிட்டான். நாம எல்லாத்தையும் வாங்கிக்கிட்டோம். பேப்பர்ல நாலு வரி. மிஸஸ் கிறிஸ்துதாஸ், இதுக்குப் பேருதான் மேனேஜ்மென்ட்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொழிலாளிகள் ஒவ்வொருவராக வந்து அவள் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வார்கள், அவள் அடிப்பாள். முதலில் வந்தவள் காண்டீனில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சவர்ணம். கடைசி வரி வரைக்கும் அடித்து, பெட்டி நின்ற இடத்திலேயே ஞானகுமாரி பிரிண்ட் கொடுத்தாள். பெட்டி அடியில் நின்றதால் கடைசி நாலு வரி காகிதத்தில் வந்தது. பெண்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி வெளியே காவல் நின்றால்தான் ஒருத்தி உள்ளே போக முடியும், ஆறு மாதமாகச் சொல்கிறோம், இப்படிக்குப் பஞ்சவர்ணம்.

ஜம்புலிங்கம் காகிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "எடுத்ததும் கக்கூஸா? வணக்கம் எங்கே?"

"மேல இருக்குது சார். அது உள்ள போயிடுச்சு."

"வணக்கம் உள்ள போயிடுச்சு, கக்கூஸ் வெளிய வந்துடுச்சு. நல்லா இருக்கே நியாயம்! பெட்டிய மேல கொண்டுவந்துட்டு அப்புறம் பிரிண்ட் எடுக்கணும். எல்லா ஃபாரத்துக்கும்."

அன்றே ஓர் அட்டையில் "அச்சிடுமுன் மேலே கொண்டுவரவும்" என்று எழுதி மானிட்டரின் நெற்றியில் ஒட்டச் சொன்னார். கன்ட்ரோல் கீயும் ஹோம் கீயும் சேர்த்து அழுத்தினால் பெட்டி முதல் வரிக்கு ஓடிவிடும். ஞானகுமாரி அழுத்தினாள். பஞ்சவர்ணத்தின் படிவம் இப்படி வந்தது:

"உயர்திரு பர்சனல் மேனேஜர் ஜம்புலிங்கம் பி.ஏ. அவர்களின் மேலான சமூகத்திற்கு, தங்கள் உண்மையுள்ள ஊழியை பஞ்சவர்ணம் பணிவன்புடன் வணங்கி எழுதிக்கொள்ளும் விண்ணப்பம் என்னவென்றால், ஐயா, தங்கள் நிழலில் நாங்கள் யாவரும் நலம். தங்கள் நலமும் தங்கள் குடும்பத்தார் நலமும் அறிய ஆவல்."

அதோடு நாலு வரி தீர்ந்தது.

எல்லோருக்கும் அங்கேயேதான் தீர்ந்தது. விண்ணப்பம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலோ பதிவாளர் ஆபீஸ் வாசலிலோ யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஞானகுமாரி ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணா, வணக்கத்தக் கொஞ்சம் சுருக்கிக்கலாம். நாலு வரிதான் பேப்பர்ல வரும்."

"இன்னாமா நீ? செருப்போட கோயிலுக்குள்ள பூரச் சொல்றியா? மரியாதி இல்லாத எழுதனா அந்தாளு கடாசிட மாட்டாரு?"

அப்புறம் அவள் சொல்வதை விட்டுவிட்டாள். முதல் மாதம் நூற்றுப் பன்னிரண்டு படிவம். நூற்றுப் பன்னிரண்டு வணக்கம். கையுறை கிழிந்தது, மோரில் தண்ணீர், ஓவர்டைம் சீட்டில் மறந்துபோன நாலு மணி நேரம், போர்மேன் வாயில் வரும் வார்த்தைகள் எல்லாம் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் பத்திரமாக இருந்தன. ஹெட் ஆபீஸிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. எல்லாக் கிளைகளிலும் குறையே இல்லாத கிளை இதுதானாம், தொழிலாளர்களின் பண்பு நெஞ்சைத் தொட்டதாம், இந்தப் படிவத்தை மற்றக் கிளைகளும் பின்பற்றலாமாம். ஜம்புலிங்கம் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். கடிதம் ஒரே பக்கம் என்பதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அய்யாசாமி வந்தது ஏப்ரல் முதல் வாரத்தில். ஐம்பத்து நாலு வயது, வெள்ளானூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர். உலைக்கூடத்தில் கிறிஸ்துதாஸோடு பதினோரு வருஷம் ஒரே உலையில் நின்றவர். ஒரு வருஷமாக அவர் ஞானகுமாரியின் மேஜைப் பக்கம் வந்ததில்லை. எதிரே வந்தால் சைக்கிள் செயினைப் பார்க்கக் குனிந்துவிடுவார். அன்று உலைக்கூடத்தில் எல்லோரும் எழுதி முடித்து, அவர் ஒருவர்தான் பாக்கி என்று ஜம்புலிங்கமே பிடித்து அனுப்பிவைத்தார்.

"நல்லாக்கிறியா தங்கச்சி?"

"இருக்கேண்ணா. வணக்கம் போடணுமா?"

"போடாத? அந்தாளுக்கு நேர்ல ஒண்ணு போட்டாப் போதும், பேப்பர்ல ரெண்டா போடு."

அடித்தாள். வணக்கம் முடிந்து பெட்டியின் ஓரத்தில் பட்டை முளைத்தது. அய்யாசாமிக்குச் சொல்லச் சொல்ல வாய் சூடேறியது.

"ஒல பக்கத்துல ஃபேன் ஓடல, போடு. மோருன்னு ஒண்ணு வருது, அது மோரா கழுநீரான்னு லேபுக்குத்தான் அனுப்பிக் கேக்கணும், போடு. அப்பறம் இந்த வேனு. கம்பெனி வேனு அவசரத்துக்குன்னு கீது. என்னிக்கினா இருந்துகீதா? போன வாரம் ஒருத்தனுக்குக் கை கிழிஞ்சிச்சி, ஆட்டோ புட்ச்சி இட்டுகினு போனோம். வேனு எங்கடான்னா இவரு ஊட்டுக்குக் கேஸ் சிலிண்டர் எத்துகினு பூட்ச்சி. இது இன்னிக்கி நேத்து கதையா? போன வருசம் இவரு பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், வேலப்பன்சாவடில மண்டபம். வேனு நாயனக்காரன ஏத்திகினு அங்க பூட்ச்சி. அன்னிக்குத்தான் கிறிஸ்து நெஞ்சப் புட்ச்சிகினு ஒக்காந்தான். நாங்க வேனு வேனுன்னு கத்திகினு கீறோம். அப்பறம் ரோட்ல போன மூணு சக்கர மீன்பாடி வண்டிய மறிச்சி, ஐஸ் பொட்டிய எறக்கிட்டு, அவன..."

நின்றார். யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஞானகுமாரியின் விரல்கள் "அவனை" வரைக்கும் அடித்துவிட்டுக் காத்திருந்தன.

"அவனை? சொல்லுங்கண்ணா."

"தங்கச்சி, அத்த அழிச்சிடு."

"வரி பாதியில நிக்குதுண்ணா."

அவள் குரல் உயரவில்லை. முகம் திரையைப் பார்த்தபடியே இருந்தது. அய்யாசாமி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு எழுந்து போகவும் முடியவில்லை.

"அவனப் பலகைல படுக்கப் போட்டு இட்டுகினு போனோம். ரயில்வே கேட்டு மூடிட்டான். இருவது நிமிசம். அங்கதான் போனான்."

அடித்தாள். "ஏதாவது சொன்னாராண்ணா?"

"ஐஸ் தண்ணி பலகைல ஊறிக்கெடந்துது. ஜில்லுனு கீதுடா அய்யாசாமின்னான்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "பதினோரு வருசம் ஒலைல வெந்தவன் தங்கச்சி. ஜில்லுனு கீதுன்னான்."

"இதையும் போடவாண்ணா?"

"வேணாம். அது உனக்கு."

போடவில்லை. "அப்ப வேன்ல போனதா ஏன் சொன்னீங்க எல்லாரும்?"

"இவருதான் கூப்ட்டு வெச்சி சொன்னாரு. ரிப்போர்ட்டு நேரா இருந்தாத்தான் அவன் சம்சாரத்துக்கு வேல, கோணலா இருந்தா ஹெட் ஆபீஸ்ல கேள்வி வரும், வேல வராதுன்னாரு. ஆறு பேரு கையெழுத்துப் போட்டோம். உனக்காவன்னு போட்டோம். பயந்துகினும் போட்டோம். ரெண்டும்தான்."

"முடிச்சுக்கலாமா?"

"இப்படிக்கு போடு," என்றார் அய்யாசாமி. போகும்போது அவளைப் பார்க்கவில்லை.

அவளுக்குச் சட்டை ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பையில் போட்டுக் கொடுத்த அவன் காக்கிச் சட்டை மீன் வாடை அடித்தது. அன்று காலையில் அவன் தயிர்ச் சோறுதான் கட்டிக்கொண்டு போனான். மூன்று தரம் சோப்புப் போட்டுத் துவைத்தாள். சவக்கிடங்கில் என்னென்னவோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாக அவள் மனதில் அவன் வேனில், ரெக்ஸின் சீட்டில், யார் மடியிலோ தலை வைத்துப் படுத்திருந்தான். இப்போது அவனைத் தூக்கிப் பலகையில் போட வேண்டியிருந்தது. போட்டாள். அப்போதும் ஈறு மரத்துத்தான் கிடந்தது.

அலமாரியைத் திறந்து கிறிஸ்துதாஸின் ஃபைலை எடுத்தாள். சாவி அவளிடம்தான் இருந்தது, எடுத்துப் பார்க்கத்தான் ஒரு நாளும் தோன்றவில்லை. "உடனடியாகக் கம்பெனி வேனில் ஏற்றப்பட்டு, தகுந்த முறையில் கொண்டு செல்லப்பட்ட வழியில்" என்று ஒரு வாக்குமூலம். கீழே ஆறு சாட்சி. ஏழாவதாக, உறவினர் என்ற இடத்தில் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி, அதன் மேல் அவள் கையெழுத்து. அடக்கம் முடிந்து பதினாலாம் நாள் கோவிந்தன் கொண்டுவந்து நீட்டிய காகிதங்களில் ஒன்று. எதையும் படிக்காமல் குறி போட்ட இடமெல்லாம் போட்டிருந்தாள். வாக்குமூலம் ஒரே பக்கம். ஜம்புலிங்கத்தின் மொழிநடை.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பெட்டி அடியில் நின்றிருந்தது. கிறிஸ்துதாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட அன்று நிச்சயதார்த்த மண்டபத்துக்கு வேன் போன வரி, மீன்பாடி வண்டி வரி, கேட்டு மூடிய வரி, இப்படிக்கு அய்யாசாமி. நாலு. மானிட்டரின் நெற்றியில் அட்டை ஒட்டியிருந்தது. கன்ட்ரோல், ஹோம். இரண்டு கீ. இதுவரை நூற்றுக்கும் மேல் தரம் அழுத்தியது.

அழுத்தவில்லை. அவள் தைரியசாலி என்று பிற்பாடு காண்டீனில் சிலர் பேசிக்கொண்டார்கள். அப்படி எதுவும் அவளுக்குள் நடக்கவில்லை. மின்விசிறி நின்றுபோன பிறகும் எழுந்து போய்ச் சுவிட்சைப் பார்க்கத் தோன்றாமல் சிலர் உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி. விரல் போகவில்லை. பிரிண்ட் கொடுத்தாள்.

அந்த மாதக் கட்டு ஜம்புலிங்கத்தின் மேஜைக்குப் போனது. அவர் முறை அவர் முறைதான். ஒவ்வொன்றாக எடுத்து, பின்னால் இன்னொரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் உரசிப் பார்ப்பார். மர அளவுகோல் வைத்து இடது மார்ஜினை அளப்பார். பிறகு "சரிபார்க்கப்பட்டது" என்ற முத்திரைக்கு மேல் கையெழுத்து. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் கிடையாது. வணக்கம்தானே. அய்யாசாமியின் மார்ஜின் சரியாக இருந்தது.

ஹெட் ஆபீஸில் ஆனால் படித்தார்கள். நாலே வரி என்பதால் அங்கே பெரியவர்களும் படித்தார்கள். போன மாதம் அத்தனை பண்பைப் படித்துப் பழகியிருந்தவர்களுக்கு, இந்த நாலு வரியில் வணக்கம் இல்லாதது உடனே கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் இருபத்தேழாம் தேதி பதிவுத் தபாலில் கேள்வி வந்தது. தாங்கள் சரிபார்த்து அனுப்பிய படிவத்தில் உள்ளபடி, கிறிஸ்துதாஸ் இறந்த அன்று வாகனம் எங்கே இருந்தது?

ஜம்புலிங்கம் அவளைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இது என்ன மிஸஸ் கிறிஸ்துதாஸ்?"

"அய்யாசாமி அண்ணன் ஃபாரம் சார்."

"அது தெரியுது. மேலே கொண்டுவரவும்னு கண்ணுக்கு நேரா ஒட்டியிருக்கு இல்ல?"

"இருக்குது சார். கொண்டுவரல."

"ஏன்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "தெரியல சார்."

அந்தப் பதில் அவரைக் கொஞ்சம் குழப்பியது. சண்டைக்கு வருகிறவளாக இருந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும், அழுகிறவளாக இருந்தாலும் தெரியும். டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைக் கண்ணாடி மேல் வைத்தார். அவளுடைய நிரந்தர ஆணை. போன வாரம் அவளே டைப் அடித்தது. பேனா மூடியைக் கழற்றினார்.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போயிடல. கம்ப்யூட்டர் தப்புன்னு எழுதிக் குடுங்க. வேற எதுலயோ இருந்த வரி இதுல வந்து கலந்துடுச்சு. வைரஸ்னு வேணும்னாலும் போடுங்க, ஹெட் ஆபீஸ்ல அதுக்கு மேல கேக்க மாட்டாங்க. எல்லாருக்கும் பயம். நம்ம ஃபாரத்துலயே எழுதுங்க. முப்பதுக்கு மூணு நாள்தான் இருக்கு, ரெண்டு பொண்ணு வெச்சிருக்கீங்க. நான் சொல்ல வேண்டியதில்ல."

"சரி சார்," என்றாள்.

தன் இடத்துக்கு வந்து புதுப் படிவம் ஒன்றைத் திறந்தாள். இதுவரை மற்றவர்களுக்காகத்தான் திறந்திருக்கிறாள். பெயர், எண், பிரிவு அடித்தாள். விவரம். பெட்டி காலியாக, வெள்ளையாக நின்றது. எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும், அவள் வரைந்த பெட்டிதான். சட்டையைச் சொல்லலாம். ஜில்லென்று இருந்ததைச் சொல்லலாம். பெண்கள் இரண்டு பேரும் அப்பா வேனில் போனார் என்று மற்றப் பிள்ளைகளிடம் சொன்னதைச் சொல்லலாம். கை எதற்கும் எழவில்லை.

அடித்தாள்: "என் கணவர் கிறிஸ்துதாஸ் கம்பெனி வேனில் கொண்டு செல்லப்பட்டார் என்று நான் கையெழுத்திட்டது தவறு. வேன் வரவில்லை. அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

இரண்டரை வரி. பெட்டி ஓரத்தில் பட்டை முளைக்கவில்லை. இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்றைக் கோவிந்தனிடம் கொடுத்து வரவு முத்திரை போட்டு ஹெட் ஆபீஸ் தபாலில் சேர்க்கச் சொன்னாள்.

கோவிந்தன் படித்தான். அவன்தான் அன்று பென்சிலில் குறி போட்டவன்.

"யம்மா ஞானம், தெரிஞ்சிதான் குடுக்கிறியா? மூணு நாள் கம்முனு இருந்தா பர்மனென்ட்டு. அப்பால குடேன், யாரு வேணான்னா?"

"அப்பால குடுக்கலாம்னா அப்பவும் தள்ளிப்போட ஒரு நாள் இருக்கும்ணா. நம்பர் போடுங்க."

"நல்லா போட்டேன் போ," என்று முனகிக்கொண்டே முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினான். கோணலாக விழுந்தது. இன்னொரு தரம் நேராகக் குத்தினான்.

இன்னொரு பிரதியோடு உள்ளே போனாள். ஜம்புலிங்கம் அதைக் கையில் வாங்கி, பழக்கத்தில் பின்பக்கம் உரசிப் பார்த்தார். பிறகு படித்தார். அவர் முழுவதுமாகப் படித்த முதல் படிவம் அதுவாகத்தான் இருக்கும்.

"வணக்கமே இல்லையே," என்றார்.

"இல்ல சார்."

"மிச்சம் உள்ள இருக்கா?"

"உள்ள ஒண்ணும் இல்ல சார். அவ்வளவுதான்."

அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. முன்னால் சாய்ந்து குரலைத் தணித்தார். "நான் எதையும் அழிக்கச் சொல்லலம்மா. ஒரு வார்த்தை அழிக்க வேண்டாம். முறைப்படி மேல ஒரு வணக்கம் மட்டும் சேர்த்துடுங்க. நல்லா, முழுசா, எல்லாரும் போடற மாதிரி. இந்தா, இப்பவே போடறேன் கையெழுத்து." பேனா முள் ஆணைக்கு மேல் அரை அங்குலத்தில் நின்றது.

முதல் தடவையாக அவளை அம்மா என்று கூப்பிட்டதை ஞானகுமாரி கவனித்தாள்.

"இன்னொரு காப்பி தபாலுக்குப் போயிடுச்சு சார். நம்பர் போட்டாச்சு."

ஜம்புலிங்கம் பேனாவை மூடினார். மூடி இரண்டு தரம் வழுக்கியது.

ஹெட் ஆபீஸ் விசாரித்தது. விசாரணையின் முடிவாக, இனிமேல் வேன் வெளியே போனால் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆணை வந்தது. ஜம்புலிங்கத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, ஒரே பக்கத்தில். அதை அவர் சட்டம் போடவில்லை. கிறிஸ்துதாஸின் ஃபைலில் பழைய வாக்குமூலத்துக்கு மேல் அவளுடைய இரண்டரை வரி நூலில் கோத்து வைக்கப்பட்டது.

அவளை நிரந்தரம் செய்யவில்லை. வெளியே அனுப்பவும் முடியவில்லை. எல்லாக் கிளைகளும் அந்தப் படிவத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன, பூட்டைத் திறக்கும் பாஸ்வேர்டு அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தற்காலிகம் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது என்று முப்பதாம் தேதி மதியம் அவளே டைப் அடித்துக் கொண்டுபோய் வைத்தாள். ஜம்புலிங்கம் மார்ஜினை அளந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சாயந்திரம் கம்பெனி கேட்டில் அய்யாசாமி சைக்கிளோடு நின்றிருந்தார்.

"இன்னா ஆச்சி தங்கச்சி?"

"ஆறு மாசம்ணா."

"அப்பறம்?"

"தெரியல." அவள் பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "எந்த ரயில்வே கேட்டுண்ணா?"

அவர் கையைக் காட்டினார். கூட வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டு நடந்தாள். பத்து நிமிஷ நடை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பங்க் கடை, பஞ்சர் ஒட்டுகிறவன், வெயில் படாத ஓரத்தில் இரண்டு ஆட்டோ. கேட்டு திறந்திருந்தது. லாரிகளும் சைக்கிள்களும் தண்டவாளத்தில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. ஞானகுமாரி ஓரமாக நின்று வாட்ச்சைப் பார்த்தாள். ஐந்து நாற்பது.

ஆட்டோக்காரன் ஒருவன் சவாரியா என்று கேட்டான், இல்லை என்றாள். ஒரு தடவை கேட்டு மூடி, மின்சார ரயில் போய், திறந்தது. மறுபடி மூடியபோது கூட்ஸ் வண்டி. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று நினைத்து பங்க் கடைக்காரன் ஸ்டூலை எடுத்து வெளியே வைத்தான். உட்காரவில்லை.

ஆறு மணி ஆனதும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். இருபது நிமிஷம் நீளமாகத்தான் இருந்தது.